பிரதேச சபைத் தேர்தல்: பேஸ்புக் பூஸ்டா, கூகுள் விளம்பரமா?

நோர்வூட் இளசு:
நோர்வூட் தேயிலைத் தோட்டப் பக்கம் ஒரு வட்டாரத்தில் சுயேச்சைக் குழுவுக்காக வேலை செய்கிறோம். ஒன்லைன் செலவுக்கு 40,000 ரூபா ஒதுக்கியிருக்கு. பேஸ்புக் பக்கம் இருக்கு, இணையத்தளம் இல்லை. பேஸ்புக் பதிவைக் காசு கொடுத்துப் பலருக்குக் காட்டும் பூஸ்டா, கூகுள் விளம்பரமா, காசை எதில் போட்டால் வாக்காளரிடம் போய்ச் சேரும்? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்க.

மலைமுகடு:
தம்பி, கூகுளுக்கு ஒரு சதமும் வேண்டாம். வட்டார வேட்பாளரின் பெயரைத் தமிழில் தேடுகிறவர்கள் மிகக் குறைவு. அப்படியான சொல்லுக்கு விளம்பரம் போட்டால், தேடல் போதாது என்று கூகுளே அதை ஓடவிடாமல் வைத்துவிடும். எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸை மட்டும் சும்மா பாருங்க. மத்திய மாகாணத்தைத் தெரிவு செய்து கடைசி 90 நாளுக்கு 'சம்பளம் 1700' (தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளக் கோரிக்கையாக இருந்தது), 'காணி உரிமை' இரண்டையும் ஒப்பிட்டால் எதைப் பற்றி வீடியோ எடுக்கலாம் என்று ஓரளவு பிடிபடும். வட்டார அளவில் அதை நம்ப வேண்டாம். சின்ன எண்ணிக்கையை அது பூச்சியமாகத்தான் காட்டும்.

பேஸ்புக்கில் காசு வீணாகும் இடம் வேறு. எல்லாரும் நோர்வூட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு பூஸ்ட் பண்ணுவார்கள். ஆனால் உங்க வாக்காளர் இடாப்பில் இருக்கும் இளம் பிள்ளைகளில் எத்தனை பேர் தோட்டத்தில் இருக்கிறார்கள்? பாதிப் பேர் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் வேலை. வாக்குப் போட ஊருக்கு வருவார்கள், அதுவரை அவர்களின் போன் கொழும்பில்தான். ஆகவே விளம்பரத்தை இரண்டாகப் பிரியுங்க: ஒன்று நோர்வூட், பொகவந்தலாவை பக்கம், மற்றது கொழும்பு. கொழும்புக்குப் போடுவதில் தோட்டத்தின் பெயர் முதல் வரியிலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத ஆட்கள் பார்த்தே காசு கரையும்.

மொழியில் 'தமிழ்' என்று மட்டும் தெரிவு செய்யாதீங்க. பேஸ்புக் பெரும்பாலும் போனில் வைத்திருக்கும் மொழியைத்தான் பார்க்கும். நம்ம ஆட்கள் பாதிக்கு மேல் ஆங்கில மெனுவில்தான் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. பிரதேச சபை வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது, விருப்பு வாக்கும் கிடையாது. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவும் சின்னமும் மட்டும்தான். வேட்பாளர் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சின்னத்தை மூலையில் ஒட்டுகிற போஸ்டரால் ஒரு பிரயோசனமும் இல்லை.

பதுளை ரோட்டு:
மேலே சொன்னது சரி. ஆனால் பூஸ்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இருக்கு. தேர்தல் விளம்பரம் என்றால் பக்க நிர்வாகி அடையாள அட்டையைக் காட்டி பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவிடம் அங்கீகாரம் எடுக்க வேண்டும். பிறகு 'பணம் செலுத்தியவர்' என்ற வரியைச் சேர்க்க வேண்டும். இதற்குச் சில நாள் பிடிக்கும், கடைசி வாரத்தில் தொடங்கினால் கதை முடிந்தது. அது இல்லாமல் போட்டால் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள், ஆனாலும் அது யாரும் பார்க்கக்கூடிய மெட்டாவின் விளம்பர நூலகத்தில் ஏழு வருசம் கிடக்கும், எதிர்த் தரப்பும் பார்க்கும். டவுனில் பூஸ்ட் பண்ணித் தரும் கடையிடம் கொடுத்தால் அந்த வரியில் கடைக்காரர் பெயர் வந்து நிற்கும். அதைவிட உங்க ஆள் ஒருவரே தன் கார்டில் செய்வது நல்லது.

பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் வைத்திருங்க. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். பூஸ்ட் காசும் அதில் சேரும். கார்டில் டொலரில் கழிவதால், கழிந்த அன்றைய ரூபாத் தொகையைக் குறித்துக்கொள்ளுங்க.

கொழுந்துக்கூடை:
நான் 40,000இல் பாதியைக்கூட பேஸ்புக்கில் போடமாட்டேன். பல பேரிடம் இருப்பது பேஸ்புக், வட்ஸ்அப் மட்டும் ஓடும் டேட்டா பேக்கேஜ். இணையத்தள லிங்க் கொடுத்தால் அவர்களுக்குத் திறக்காது. சொல்ல வேண்டியதை போஸ்டுக்குள்ளேயே சொல்லுங்க. வட்ஸ்அப்பில் ஒரு நிமிசத்துக்குட்பட்ட குரல் பதிவு போதும், சிக்னல் விட்டு விட்டு வரும் தோட்ட டிவிஷனிலும் இறங்கும். அனுப்பும் நேரம் மாலை ஆறரைக்குப் பிறகு. மலையில் கொழுந்து எடுக்கும்போது அனுப்பினால் இரவு வரும் மற்ற செய்திகளுக்குக் கீழே போய்விடும்.

வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். அதிலும் உங்க நம்பரைச் சேவ் பண்ணியவருக்கு மட்டுமே போகும், ஆகவே வீடு வீடாகப் போகும்போதே நம்பரைச் சேவ் பண்ணச் சொல்லுங்க. பல கை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம். அதனால் ஒவ்வொரு லயத்துக்கும் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஒருவரிடம் மூலப் பதிவைக் கொடுங்க, அவர் புதிதாக அனுப்பட்டும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் டைப் பண்ணிப் படமாக்குகிற பழக்கத்தையும் விடுங்க. கூகுளோ பேஸ்புக் தேடலோ படத்துக்குள் இருப்பதைச் சரியாகப் பிடிக்காது. படத்தோடு அதே விசயத்தை யூனிகோடில் எழுதுங்க, தோட்டப் பெயரை ஆங்கில எழுத்திலும் ஒரு தடவை சேருங்க.

நோர்வூட் இளசு:
நன்றி அண்ணன்மாரே. டிக்டொக்கில் பூஸ்ட் பண்ணலாமா?

பதுளை ரோட்டு:
முடியாது, காசு கொடுத்த அரசியல் விளம்பரத்தை டிக்டொக் எடுப்பதில்லை. சும்மா வீடியோ போடலாம்.

பேஸ்புக் விளம்பரக் கணக்கின் நேர வலயத்தையும் பாருங்க. அது அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருந்தால் பிரசாரம் முடிந்த பிறகும் விளம்பரம் ஓடும். 2024 நவம்பர் 14 தேர்தலுக்கு 11ஆம் திகதி நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. அந்த வலயத்தில் 11 நள்ளிரவு என்று வைத்த விளம்பரம் இங்கே 12ஆம் திகதி பகல் ஒன்றரை வரை ஓடும். அமைதிக் காலத்தில் ஓடினால் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போகும். ஒரு நாள் முன்கூட்டியே கையால் நிறுத்திவிடுங்க.