மொரிஷியஸ், ரீயூனியன்: காட்டுப் பரப்பை எப்படி ஒப்பிடுவது?

தீவுக்கணக்கு:
ஒரு கட்டுரைக்காக 1990 முதல் இந்த இரண்டு தீவுகளின் காட்டுப் பரப்பையும் வரைந்து பார்க்கிறேன். மொரிஷியஸில் நிலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் காடு. ரீயூனியனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இரண்டும் பக்கத்துத் தீவுகள், இரண்டிலும் கரும்பு, இரண்டையும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? உலக வங்கிப் பட்டியலில் ரீயூனியனே கிடைக்கவில்லை, அதுவும் குழப்பமாக இருக்கிறது.

எண்ணும்எழுத்தும்:
ரீயூனியன் இன்றும் பிரான்சின் ஒரு பகுதி, அதனால் உலக வங்கி தனியாகக் காட்டுவதில்லை. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வன மதிப்பீட்டில் தேடுங்கள், தனியாக இருக்கும்.

மலைச்சாரல்:
நிலப்பயன்பாடு பாடம் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன்: 1990-இல் தொடங்கினால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. காடு போனது அதற்கு வெகு முன்பு. 1638-இல் மொரிஷியஸில் குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலியை வெட்டினார்கள். 1769-இல் பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர், நில உரிமையாளர்கள் கால் பங்கைக் காடாக விட வேண்டும் என்று விதி போட்டார். ஆனாலும் ஆங்கிலேயர் காலத்தில், 1825-இல் மொரிஷியஸ் சர்க்கரைக்குச் சுங்கவரி குறைந்ததும், கரும்பு காட்டைத் தின்றுவிட்டது.

ரீயூனியனிலும் ஆசைக்குக் குறைவில்லை, நிலம்தான் இடம் கொடுக்கவில்லை. அங்கே பிட்டோன் தே நேஜ் சிகரம் 3,071 மீட்டர். மொரிஷியஸின் உச்சி 828 மீட்டர்தான். ரீயூனியனின் மஃபாத் பள்ளத்தாக்குக்கு இன்றும் சாலை கிடையாது. அந்தச் செங்குத்துச் சரிவுகளில் எந்த முதலாளி கரும்பு நடுவார்? காடு பிழைத்தது அதனால்தான். 2007-இல் வந்த தேசியப் பூங்கா, தீவின் 40 சதவீதத்துக்கும் மேலான நிலத்தைக் காக்கிறது.

இன்னொரு விஷயம் என்னை உண்மையாகவே வருத்துகிறது. அரை ஹெக்டேருக்கு மேல் நிலம், 5 மீட்டர் உயர மரம், 10 சதவீத நிழல் இருந்தால் பொதுவாக அது காடு என்று கணக்கு. நட்டு வளர்த்த பைன் தோப்பும் அதில் சேரும். மொரிஷியஸ் மலைக்காட்டுக்குள் போனால் வெளியிலிருந்து வந்த சீனக் கொய்யா புதர் மண்டிக் கிடக்கும்: வழவழப்பான மெல்லிய தண்டுகள், ஆள் நுழைய முடியாத நெருக்கம், கீழே ஒரு கருங்காலிக் கன்று முளைக்க வெளிச்சம் இருக்காது. பழத்தைத் தின்னும் குரங்கும் பன்றியும் விதையை இன்னும் பரப்புகின்றன. மேலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் ஒரே பச்சைதான். நல்ல நிலையில் உள்ள பூர்விகக் காடு அந்தத் தீவில் 2 சதவீதம்கூட இல்லை.

தீவுக்கணக்கு:
அப்படியானால் பூர்விகக் காட்டுக்கு மட்டும் தனிக் கோடு போட்டுவிடலாமா?

மலைச்சாரல்:
கோடாக இழுக்காதீர்கள். வருடா வருடம் அளந்த எண் அதற்குக் கிடையாது. ஆய்வு நடந்த ஆண்டுகளில் மட்டும் புள்ளி வையுங்கள். மொத்தக் காட்டைக் கோடாகப் போடலாம்.

எண்ணும்எழுத்தும்:
சதவீதம் போடும்போது கவனம். மொரிஷியஸ் நாட்டுக் கணக்கில் ரொட்ரிகஸ் தீவும் சேர்ந்தே வரும். 2,040 சதுர கிலோமீட்டர் என்பது நாடு முழுவதற்கும். பெரிய தீவு மட்டும் சுமார் 1,865.