பேக்கிங், சம்பளக் கணக்கு ரெண்டையும் வெளியே விடலாமா? ஓசூர்ல யூனிட் நடத்துறவங்க, வேலை பாக்கறவங்க சொல்லுங்க

லேத்_முதலாளி
சிப்காட்ல சின்ன யூனிட். பைக் கம்பெனிகளுக்கு லேத்ல கடையற டர்னிங் பார்ட்ஸ் போடறோம். ரோல்ல, அதாவது எங்க நேரடி ஆளா, அறுபது சொச்சம் பேர். ஒரு காண்டிராக்டர் பேக்கிங், லோடிங், ஹவுஸ்கீப்பிங் மூணையும் எடுத்துக்கறேன்னு கொட்டேஷன் கொடுத்திருக்கார். பேக்கிங்ல இருக்கற பதினாலு பேரையும் அவர் ரோலுக்கு மாத்திப்பாராம். அதே வேலை, அதே சம்பளம். சம்பளக் கணக்கு, பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லாத்தையும் கிருஷ்ணகிரில ஒரு ஆபீஸ்கிட்ட விட்டுடலாம்னு என் பையன் சொல்றான். செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. ரத்தத்தை உறிஞ்சறேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, அந்தப் பதினாலு பேரோட குழந்தைங்க பேர் வரைக்கும் எனக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற_எச்ஆர்
தாராளமா விடலாம் சார். முதலாளியே டாய்லெட் சுத்தமா இருக்கான்னு பாத்துட்டு, ஈஎஸ்ஐ போர்ட்டல்லயும் உக்காந்துட்டு இருந்தா மெஷினை யார் பாக்கறது? ஓசூர்ல பெரிய கம்பெனி எல்லாம் கேன்டீன், செக்யூரிட்டி, தோட்டம்னு எப்பவோ வெளியே கொடுத்தாச்சு. வேலை நல்லபடியாத்தான் நடக்குது. நடக்காத இடம் எதுன்னா, எது நல்ல வேலை, எது மோசமான வேலைன்னு எழுத்துல போடாம "நீங்க பாத்துக்கோங்க"ன்னு கொடுத்த இடம்.

ராயக்கோட்டை_ரூட்
அண்ணா, நான் பாலக்கோட்டுலேருந்து கம்பெனி பஸ்ல வந்து போற ஆளு. அசெம்பிளி லைன்ல காண்டிராக்ட். "அதே வேலை, அதே சம்பளம்"னு எங்களுக்கும் சொன்னாங்க. நிஜம்தான், அதேதான். அதே சேர், அதே ஸ்குரூ டிரைவர். காண்டிராக்டர் மாறும்போது கழுத்துல தொங்கற கார்டு மட்டும் மாறும். கார்டு மாறினா நாங்க புது ஆளு. சேத்து வெச்ச லீவு போச்சு. கிராஜுவிட்டிக்கு, அதான் வேலையை விடும்போது தர்ற பணிக்கொடைக்கு, அஞ்சு வருஷம் ஒரே முதலாளிகிட்ட இருக்கணும்கறாங்க, அஞ்சு வருஷம் முழுசா எந்தக் காண்டிராக்டர் இருந்தார்? எனக்கு டிரெய்னிங் எடுத்த புள்ளை இப்ப எங்களுக்கு லைன் லீடர். அவ கம்பெனி ரோல், நான் இன்னும் புதுசு.

ஓய்வுபெற்ற_எச்ஆர்
அது காண்டிராக்டர் பண்ற கோளாறும்மா. அவுட்சோர்சிங் மேல பழி போடாதீங்க.

ராயக்கோட்டை_ரூட்
காண்டிராக்டரை மாத்தறது யாருங்க சார்? நாங்களா?

ஆடிட்டர்_பையன்
சண்டைக்கு நடுவுல கணக்கையும் போட்டுப் பாத்துடலாம். ஒருத்தருக்கு 15,000 சம்பளம்னு வைங்க. முதலாளி பங்கு பிஎஃப் நிர்வாகச் செலவோட 13 சதவீதம், 1,950. ஈஎஸ்ஐ 3.25 சதவீதம், 487.50. ஆக 17,437.50. போனஸ் எந்தப் பக்கமும் கொடுத்தே ஆகணும், அதை விட்டுடறேன். இதுமேல காண்டிராக்டர் சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம்னா 1,395. அப்புறம் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதை நீங்க இன்புட் கிரெடிட்டா, அதாவது நீங்க கட்டவேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சு, எடுத்துக்கலாம், ஆனா பணம் கொஞ்ச நாள் முடங்கும். (தர்மபுரில ஒரு ஆஸ்பத்திரிக்காரர் இதே ஆசையில வந்தார். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு, அதனால கிரெடிட் கிடையாது, 18 சதவீதமும் கைப்பணம். அன்னிக்கே கைவிட்டுட்டார்.)

அதாவது சட்டப்படி எல்லாம் கட்டற காண்டிராக்டர் உங்களுக்கு ஆளுக்கு மாசம் 1,395 அதிகச் செலவு. அப்புறம் எப்படி "மிச்சம்" வருது? கிராஜுவிட்டியை மாசக் கணக்குல ஒதுக்கினா 721 ரூபா வரும், அது இல்லாம போகுது. வருஷா வருஷம் இன்கிரிமென்ட் இல்லாம போகுது. அந்தம்மா சொன்னது கோளாறு இல்லை சார், கொட்டேஷனே அதுமேலதான் நிக்குது.

தோழர்_சூளகிரி
ஆடிட்டர் வாயாலயே வந்துடுச்சு. இன்னும் ரெண்டு சேத்துக்கங்க. முன்னாடி 20 பேர் இருந்தாலே காண்டிராக்டருக்கு லைசென்ஸ் வேணும், 1970 காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பர் 21-லிருந்து வந்திருக்கற புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புல அது 50. பதினாலு பேருக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் வர்ற சின்ன ஆளு அந்த வலையிலயே சிக்க மாட்டார். கோர்ட்டும் கைகொடுக்காது. தொண்ணூறுகள்ல ஏர் இந்தியா வழக்குல, அரசு காண்டிராக்ட் முறையை ஒழிச்ச இடத்துல ஆளுங்க தானா கம்பெனி ரோலுக்கு வருவாங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2001-ல ஸ்டீல் அதாரிட்டி வழக்குல அஞ்சு நீதிபதி அமர்வு அதைத் தூக்கிடுச்சு. ஒரு தடவை வெளியே போனவன் திரும்ப உள்ளே வர்றது லேசு இல்லை, முதலாளி. அதனாலதான் போறதுக்கு முன்னாடி நாங்க கத்தறோம்.

இன்னொண்ணு, ரோல்ல இருக்கற ஆளைக் கேக்காம காண்டிராக்டருக்கு மாத்த முடியாது. அவங்க ஒத்துக்கலைன்னா அது ஆட்குறைப்பு. ஒரு மாச நோட்டீஸ், வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் எடுத்து வைக்கணும். கொட்டேஷன்ல இந்தக் கணக்கு இருக்கா?

லேத்_முதலாளி
இல்லை. காண்டிராக்டர் வாயே திறக்கலை.

கிருஷ்ணகிரி_டேட்டா
எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்களே. நான் கிருஷ்ணகிரில ஒரு பிபிஓல, அதாவது மத்த கம்பெனிகளோட ஆபீஸ் வேலையை எடுத்துச் செய்யற இடத்துல, வேலை பாக்கறேன். வெளியூர் கம்பெனிகளோட பில், சம்பளக் கணக்கு, கிளைம் ஃபார்ம். எங்க ஊர்ல டிகிரி முடிச்சா பெங்களூரு, இல்லேன்னா கல்யாணம். மத்திய அரசு சின்ன ஊர்ல பிபிஓ வர்றதுக்குன்னே 48,300 சீட்டுக்கு, சீட்டுக்கு ஒரு லட்சம் வரைக்கும் உதவின்னு திட்டம் போட்டது எதுக்கு? யாரோ ஒருத்தர் தன் ஆபீஸ் வேலையை வெளியே விட்டதாலதான் நான் ராத்திரி அம்மாவோட சாப்பிடறேன். வெளியே போற வேலை காத்துல கரைஞ்சு போறதில்லை, எங்க டேபிளுக்கு வருது.

தோழர்_சூளகிரி
சந்தோஷம் தங்கச்சி. உங்க கிளையன்ட் நாளைக்கு வேற ஊருக்குப் போனா?

கிருஷ்ணகிரி_டேட்டா
போயிருக்காங்க. ஒரு டீம் முழுக்க ரெண்டு மாசம் சும்மா உக்காந்து, பாதிப் பேர் கிளம்பினாங்க. பயம் இல்லைன்னு சொல்லலை. ஆனா ஆலையில பர்மனென்ட்டா இருந்த எங்க சித்தப்பாவும் ஆலை மூடினப்ப வீட்டுக்குத்தான் வந்தார்.

பாகலூர்_ரோடு_யூனிட்
நானும் முதலாளிதான். சம்பளக் கணக்கை வெளியே விட்டு நல்லா ஓடுது. பேக்கிங்கை விட்டது பக்கத்து யூனிட், அங்க நடந்ததைச் சொல்றேன். பேக்கிங்ல பழைய ஆளு ஒருத்தர், எந்தக் கம்பெனி பார்ட்டுக்கு எந்த எண்ணெய், எதுக்குத் துரு பிடிக்காம காக்கற விசிஐ கவர், எதுக்கு வெறும் பாலித்தீன்னு எல்லாம் அவர் தலைக்குள்ள. தாள்ல கிடையாது. காண்டிராக்ட் ஆளுங்க வந்த மொத மழைக்காலம், துரு எண்ணெய் போடாம நேரா கவர்ல போட்டு அனுப்பிட்டாங்க. கஸ்டமர் கேட்ல பெட்டியைத் திறந்தா பழுப்பு. லாட் மொத்தமும் ரிஜெக்ட், சார்ட்டிங் செலவு, லைன் நின்ன செலவு, எல்லாம் சேத்து நம்ம பணத்துல பிடிச்சுக்கறோம்னு டெபிட் நோட். காண்டிராக்டர்கிட்ட கேட்டா, "ஆளு சப்ளைதான் என் வேலை, எண்ணெய் நீங்கதானே சொல்லணும்?"ங்கறார். அவர் சொன்னதும் சரிதான்.

சம்பளத்துல எங்களுக்கு வந்த தொல்லை வேற மாதிரி. முன்னாடி ஓவர்டைம் காசு குறைஞ்சா ஆபரேட்டர் நேரா அக்கவுண்டன்ட் டேபிளுக்கு வருவான், வருகைப் பதிவைப் பாத்து அங்கேயே தீந்துடும். வெளியே விட்டதும், புகார்னா "டிக்கெட் போடுங்க"ன்னு ஒரு நம்பர். எட்டாவது படிச்ச வெல்டர் எங்க போய் டிக்கெட் போடுவான்? ஒருத்தன் மனைவிக்குப் பிரசவம், ஈஎஸ்ஐல அவ பேர் தப்பு, திருத்தறதுக்குள்ள பிரைவேட்ல கட்டிட்டான். அதுக்கப்புறம் வருகைக் கணக்கு பாக்கற எங்க டைம் ஆபீஸ்காரரை வெளியே அனுப்பலை. அவர் குறையைக் கேட்டு எழுதிப்பார், அந்த ஆபீஸ்கிட்ட அவர் பேசுவார். இப்ப சத்தமே இல்லை.

ஓய்வுபெற்ற_எச்ஆர்
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சம்பளத்துக்கு ரெண்டு மாசம் உள்ளேயும் வெளியேயும் சேத்தே கணக்குப் போட்டு, ஒவ்வொரு பேரா ஒத்துப் பாத்துட்டுதான் மாத்தணும். காண்டிராக்டர்னா, போன மாச பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டின சலான் ஆள் பேரோட இல்லாம பில் பாஸ் ஆகக் கூடாது. அவர் கட்டலைன்னா சட்டம் உங்க கதவைத்தான் தட்டும். பேக்கிங் விஷயத்துல என் வார்த்தையைக் கொஞ்சம் சுருக்கிக்கறேன். ஹவுஸ்கீப்பிங் கொடுங்க, லோடிங் கொடுங்க. கஸ்டமர் கையில போய்ச் சேர்ற பெட்டியைக் கொடுக்காதீங்க.

தோழர்_சூளகிரி
ஆக, கஸ்டமருக்கு நஷ்டம் வர்ற வேலைன்னா உள்ளே, தொழிலாளிக்கு மட்டும் நஷ்டம்னா வெளியே. லோடிங் பண்றவன் இடுப்புக்கு டெபிட் நோட் யார் போடுவா?

ஆடிட்டர்_பையன்
தோழர், சீசனுக்குத்தான் ஆள் வேணும்னா காண்டிராக்ட் ஒண்ணுதான் வழின்னு இல்லை. குறிப்பிட்ட காலத்துக்குன்னு நேரா ரோல்லயே எடுக்கலாம். புதுச் சட்டப்படி அவங்களுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி உண்டு. முதலாளி, லோடிங்குக்கு அதை யோசிங்க. ஆமா, அந்தக் கொட்டேஷன்ல சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு? பில் எத்தனை நாள்ல பாஸ் பண்றதா பேச்சு?

லேத்_முதலாளி
பேக்கிங் நம்மகிட்டயே இருக்கட்டும்னு காலைல பையன்கிட்ட சொல்லிட்டேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான். சம்பளக் கணக்கு போகுது, டைம் ஆபீஸ் பெரியவர் இருப்பார். லோடிங் இன்னும் முடிவு பண்ணலை. கொட்டேஷன்ல சார்ஜ் நாலரை சதவீதம். பில் 60 நாள்.

ஆடிட்டர்_பையன்
அவர் ஏழாம் தேதிக்குள்ள சம்பளம் போடணும், நீங்க ரெண்டு மாசம் கழிச்சுப் பணம் தருவீங்க. நாலரை சதவீதத்துல கணிசமான பங்கு அந்த வட்டிக்கே போயிடும். இப்ப அவர் ஆள் போட்டிருக்கற வேற யூனிட்டோட சலானை வாங்கிப் பாருங்க, ஹவுஸ்கீப்பிங் கையெழுத்துக்கு முன்னாடியே.

ராயக்கோட்டை_ரூட்
சலான் எதுக்குங்க? அந்த யூனிட் பஸ் எங்க நிக்குதுன்னு சொல்லுங்க, நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்.