கல்லல் பக்கம் பட்டா நிலத்து மண்கரை: உடைப்பதா, பலப்படுத்துவதா?

கல்லல்_புஞ்சை: எங்கள் பட்டா நிலத்தில் தாத்தா போட்ட மண்கரை இருக்கிறது. 12 அடி உயரம். மழைத்தண்ணீரைத் தேக்கி 3 ஏக்கர் நெல்லுக்கு மடைவழியாகப் பாய்ச்சுகிறோம். இந்த ஐப்பசி மழையில் கரையின் வெளிப்பக்க அடியில் கசிவு கண்டது. கரை முழுக்கச் சீமைக்கருவேல். கீழ்வயல்காரர் உடைத்துவிடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

கீழக்கண்மாய்: அவர் சொல்வதுதான் சரி. நம் பக்கம் மேலக் கண்மாய் நிறைந்து கலுங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கல்வாய், பாய்ந்தால்தான் கீழக் கண்மாய்க்குத் தண்ணீர். நடுவில் ஆளுக்கொரு கரை போட்டால் ஆயக்கட்டு (கண்மாய்ப் பாசன வயல்கள்) காய்ந்துபோகும். அப்புறம், 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 மீட்டர் தாண்டிய சிலவற்றுக்கும்தான். உங்கள் கரையை அந்தச் சட்டப்படி யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. உடைந்தால் யார் பொறுப்பு?

மண்வேலை_தேவகோட்டை: அவசரப்படாதீங்க அண்ணே. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். வருகிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் மண் படிந்தால் கரைக்குள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. மடையைத் திறந்து மட்டத்தை மெல்ல இறக்கணும். சட்டென்று இறக்கினால் உள்சரிவு சரியும். தெளிவாக இருந்தால் கசியும் இடத்தில் மணல், அதன்மேல் சிறுஜல்லி, அதன்மேல் கல். தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும். பலர் வெளிப்பக்கம் களிமண்ணை அப்பிவிடுகிறார்கள். அது பெரிய தப்பு, தண்ணீர் உள்ளே அடைபட்டுக் கரையையே தள்ளும்.

கீழக்கண்மாய்: கருவேல வேர் செத்து மக்கினால் அதுவே குழாய் ஆகிவிடுமே தம்பி?

மண்வேலை_தேவகோட்டை: ஆகும். அதனால்தான் வெட்டிவிட்டுத் தூரை அப்படியே விடக்கூடாது. கோடையில் தண்ணீர் வற்றியபின் தூரோடு தோண்டி, ஈரமண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்கணும். அதைவிட முக்கியம், கலுங்கு இருக்கிறதா?

கல்லல்_புஞ்சை: இல்லை. நிறைந்தால் கரையில் தாழ்ந்த இடத்தில் வழியும்.

மண்வேலை_தேவகோட்டை: அப்படியென்றால் எனக்கும் பயம்தான். மண்கரைகள் போவதற்குப் பெரிய காரணமே தண்ணீர் மேலே ஏறி வழிவதுதான். கரை முடிகிற ஓரத்தில், கொட்டின மண்ணில் இல்லாமல் இயற்கையான கெட்டித் தரையில், செம்புறாங்கல்லால் கலுங்கு கட்டுங்கள். கரைத்தலைக்கு 3 அடி தாழ இருக்கட்டும்.

கீழக்கண்மாய்: கலுங்குத் தண்ணீர் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் விழணும். இல்லாவிட்டால் நான் உடைக்கத்தான் சொல்வேன். கட்டுகிற வரைக்கும் மடை முழுக்கத் திறந்தே கிடக்கணும்.

மண்வேலை_தேவகோட்டை: முழுக்கத் திறந்தால் இந்தப் போக நெல் போச்சு. பாதி மட்டம் போதும்.

கீழக்கண்மாய்: கார்த்திகை மழை இன்னும் பாக்கி இருக்கிறது. பாதி மட்டம் ஒரே ராத்திரியில் நிறையும். கீழே குடியிருப்பு இருக்கிறது தம்பி.

கல்லல்_புஞ்சை: டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். அடியில் செம்மண் படிகிறது. மடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருக்கிறேன். கீழ்வயல்காரருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.