1998 மாடல் ரோட்ஸ்டருக்கு முகம் அமையவில்லை, உதவுங்கள்

அண்ணன்மாருக்கு வணக்கம். மதுரை செல்லூரிலிருந்து எழுதுகிறேன். ஆட்டோமேஷன் என்ற கணினி விளையாட்டில் கார் வடிவமைப்புப் போட்டி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். 1998ஆம் ஆண்டுக்கான இரண்டு இருக்கை ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கும் கார் வேண்டும். அழகாகவும் இருக்க வேண்டும், மாதச் சம்பளக்காரர் வாங்கும் விலையிலும் இருக்க வேண்டும்.

1.8 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின் முன்னால், பின்சக்கர இயக்கம். இதில் குறையில்லை.

முகம்தான் படுத்துகிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5 ரோட்ஸ்டர் தன் இரண்டாம் தலைமுறையில், போடும்போது மேலே எழும்பும் முகப்பு விளக்குகளைக் கைவிட்டது. நானும் நிலையான விளக்குகளையே வைத்தேன். உருண்டையாக வைத்தால் அதன் நகலாகிறது. நீட்டினால் தூக்கம் கலையாத பூனைபோல விழிக்கிறது. பம்பரின் காற்றுவாயை அகலமாக்கலாமா, இரண்டாகப் பிரிக்கலாமா?

அடுத்தது செலவு. ஃபியட் பார்க்கெட்டா ரோட்ஸ்டர், புன்டோ என்ற சிறிய காரின் அடித்தளத்தில், முன்சக்கர இயக்கத்தோடு வந்தது. விலை குறைய அது நல்ல வழிதான். ஆனால் பின்சக்கர இயக்கத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. அதற்குப் பதில் முன்பக்க சஸ்பென்ஷனில் (சக்கரங்களைத் தாங்கி அதிர்வை வாங்கும் அமைப்பு) இரட்டை விஷ்போனை எடுத்துவிட்டு, செலவு குறைந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் போட்டால் ஓட்டும் சுகம் எவ்வளவு கெடும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நிறம் மட்டும் முடிவாகிவிட்டது: சுங்குடிச் சேலையின் அரக்கு. வெள்ளிக்கிழமை இரவுக்குள் அனுப்ப வேண்டும். படங்களைக் கீழே இணைத்திருக்கிறேன், தயங்காமல் திட்டலாம்.