சிக்னல் வந்து போவதைச் செயலி சரியாக அறிவது எப்படி?

அன்புடையீர், அஞ்செட்டி மலைக் கிராமங்களில் பால் கொள்முதல் செய்பவர்களுக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதி வருகிறேன். சிக்னல் இல்லாதபோது பால் அளவைக் கைப்பேசியிலேயே சேமித்து, இணைப்பு திரும்பியதும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதலான பதிப்புகளை இலக்காகக் கொண்ட செயலிகளில், மேனிஃபெஸ்ட்டில் (செயலியின் விவரக் கோப்பில்) பதியும் ரிசீவருக்கு (ஆண்ட்ராய்டின் அறிவிப்புகளைப் பெறும் நிரல்பகுதிக்கு) இணைப்பு மாற்ற அறிவிப்பு வராது என்பதால், இணைப்பு மாறும்போது ஓடும் செயலிக்குத் தெரிவிக்கும் கனெக்டிவிட்டி மேனேஜரின் நெட்வொர்க் கால்பேக்கைப் பயன்படுத்துகிறேன். ஆனால் ‘ஆன் அவைலபிள்’ (நெட்வொர்க் கிடைத்தது என்ற தகவல்) வந்தவுடன் அனுப்பினால், டவரோடு தொடர்பு இருந்தும் இணையம் ஓடாத இடங்களில் அனுப்புதல் தோல்வியடைகிறது.

‘வேலிடேட்டட்’ நிலை (இணையம் உண்மையில் ஓடுவதை ஆண்ட்ராய்டு சோதித்து அறிந்த நிலை) உறுதியாகும்வரை காத்திருப்பதே முறை என்று கருதுகிறேன். சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைச்சாலையில் அது மட்டும் போதுமா, அல்லது அனுப்பும் பொறுப்பை பின்னணி வேலைகளைத் தகுந்த நேரத்தில் இயக்கும் ஒர்க் மேனேஜரிடமே ஒப்படைப்பது நல்லதா? ஒரு வேளைப் பால் கணக்கும் விடுபடக் கூடாது, இருமுறை பதிவாகவும் கூடாது. விவசாயியின் பணம் அதில் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.