உதவி: ரெய்டு 5 நாஸ்ல ரெண்டு டிஸ்க் போயிருச்சு, டேலி டேட்டா உள்ள மாட்டிக்கிச்சு

திருப்பூர்_அக்கவுண்ட்ஸ்:
அவசரம்ங்க. நம்ம பனியன் கம்பெனில நாலு பே நாஸ் (ஆபீஸ் நெட்வொர்க்ல எல்லாரும் ஃபைல் போட்டு வைக்கற, நாலு டிஸ்க் மாட்டற பெட்டி) ஒன்னு, 4 டிபி டிஸ்க் நாலு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கற மாதிரி எல்லாத்தையும் சேத்து வைக்கற முறை). ரெண்டாவது டிஸ்க்ல ஆரஞ்சு லைட் எப்பவோ வந்துருச்சு, மாத்தலாம் மாத்தலாம்னு சொல்லிட்டே இருந்தாங்க, நேத்து கரண்ட் போய் வந்ததும் நாலாவதும் ஃபெயில்னு காட்டுது, வால்யூமே (நாலும் சேந்த மொத்த ஸ்டோரேஜ்) க்ராஷ். டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா, பையர் ஆர்டர் ஷீட் எல்லாம் அதுலதான், பேக்கப்பும் அதே நாஸ்ல இன்னொரு ஃபோல்டர்ல 😭 20ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடணும். சர்வீஸ் பையன் புது டிஸ்க் ரெண்டு மாட்டி ரீபில்ட் (போன டிஸ்க்ல இருந்தத மத்த டிஸ்க்க வச்சு திரும்ப எழுதறது) குடுத்தா வந்துரும்ங்கறான், குடுக்கட்டுங்களா?

பாரிட்டி_பாண்டி:
குடுக்கவே குடுக்காதீங்க, மொதல்ல பவர் ஆஃப். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனாதான் தாங்கும், ரெண்டு போனா எத வச்சு ரீபில்ட் பண்ணும்? புது வால்யூம் கிரியேட் பண்ணவான்னு கேக்கும், அந்த தம்பி ஓகே தட்டிட்டா இருக்கறதும் போச்சு. கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டிஸ்க் மேலயும் ஸ்லாட் நம்பர மார்க்கர்ல எழுதுங்க. எதுலயாவது சத்தம் வருதா?

திருப்பூர்_அக்கவுண்ட்ஸ்:
ரெண்டாவதுல டிக் டிக்னு வருதுங்ணா. நாலாவது அமைதியா சுத்துது.

கேபிள்குமார்:
டிக் டிக் டிஸ்க்க கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல வச்சா ஓடும் ப்ரோ

பாரிட்டி_பாண்டி:
@கேபிள்குமார் வெளிய எடுத்ததும் ஈரம் கோத்துக்கும், வேணாம்பா.
@திருப்பூர் அந்த ரெண்டாவது உங்களுக்கு தேவையே இல்ல, ஓரமா வைங்க. அது என்னைக்கோ கழண்டது, அதுக்கப்புறம் எழுதுன எதுவும் அதுல இல்ல, அத ஃபோர்ஸ் பண்ணி சேத்தா பழசும் புதுசும் கலந்து ஃபைல் பேர் தெரியும் ஆனா தெறந்தா குப்பை. 1, 3, 4 மூணு போதும். லினக்ஸ் பிசில சாட்டா போர்ட்லயே மாட்டி (யூஎஸ்பி டாக் வேணாம்) டிடிரெஸ்க்யூ (கெட்டுப்போற டிஸ்க்ல இருந்து காப்பி எடுக்கற டூல்) வச்சு மூணையும் தனித்தனியா புது டிஸ்க்குக்கு குளோன் எடுங்க, மேப் ஃபைல் (எதெல்லாம் படிச்சாச்சுன்னு குறிச்சு வைக்கற ஃபைல்) கட்டாயம் குடுங்க, நடுவுல நின்னா விட்ட இடத்துல இருந்து ஓடும். அப்புறம் குளோன்லதான் கை வைக்கணும். எம்டிஆடம்ல (லினக்ஸ்ல ரெய்ட கையாள்ற கமாண்ட்) எக்ஸாமின் போட்டு ஈவென்ட் கவுன்ட் (டிஸ்க் கடைசியா எது வரைக்கும் அப்டேட் ஆச்சுன்னு காட்டற நம்பர்) பாருங்க, 1ம் 3ம் ஒன்னா இருந்து 4 கொஞ்சமா பின்தங்கி இருந்தா அசெம்பிள் ஃபோர்ஸ் போட்டு (மூணையும் கட்டாயமா ஒன்னா சேத்து) ரீட் ஒன்லியா, அதாவது படிக்க மட்டும், மவுன்ட். யூட்யூப்ல கிரியேட் கமாண்ட் (ரெய்ட புதுசா உண்டாக்கறது) போடச் சொல்லுவான், கேக்காதீங்க. எஃப்எஸ்சிகேவும் (ஃபைல் சிஸ்டத்த ரிப்பேர் பண்ற கமாண்ட்) இப்போ வேணாம்.

ஜிஎஸ்டி_கிளார்க்:
நடுவுல ஒன்னு, 3பி லேட் ஃபீ ஒரு நாளைக்கு 50 ரூபாதான், கட்டாத வரிக்கு 18% வட்டி, அதுக்கு பயந்து டிஸ்க்க கெடுத்துக்காதீங்க. போட்ட ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனை ரிட்டர்ன்), தானா வர்ற 2பி (கொள்முதல் வரி விவரம்) எல்லாம் போர்ட்டல்லயே டவுன்லோட் ஆகும். ஆடிட்டர் லேப்டாப்ல போன ஆடிட்டுக்கு குடுத்த டேலி பேக்கப் கண்டிப்பா கெடக்கும், கேட்டு பாருங்க.

திருப்பூர்_அக்கவுண்ட்ஸ்:
அண்ணா வந்துருச்சு!! நாலாவதுல மட்டும் கொஞ்சம் பேட் செக்டார் (படிக்க முடியாத இடம்), ஈவென்ட் கவுன்ட் நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. டேலி தெறக்குது, சில ஆர்டர் ஷீட் மட்டும் எரர் அடிக்குது.

பாரிட்டி_பாண்டி:
சூப்பர். டேலிய மொதல்ல வெளி டிஸ்க்ல காப்பி அடிங்க. எரர் வர்ற ஷீட் அந்த படிக்காத செக்டார்ல விழுந்ததா இருக்கலாம், நாலாவதுக்கு மட்டும் அதே மேப் ஃபைலோட ரீட்ரை குடுத்து இன்னொரு ரவுண்ட் ஓட்டுங்க. டிக் டிக் வந்தா உடனே நிறுத்திடுங்க, அதுக்கு மேல டிஸ்க்க பிரிச்சு பாக்க தூசி இல்லாத க்ளீன் ரூம் இருக்கற லேப்தான். மெயில்ல பையருக்கு அனுப்புன ஷீட்டும் இருக்குமே, அதையும் தேடுங்க.