கொரோனா ஊரடங்கில் பார்த்த கோபங்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

களப்பணியாளர், வடசென்னை

2020 மே முதல் ஆகஸ்ட் வரை, வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் தெர்மல் ஸ்கேனர், இன்னொரு கையில் நோட்டு. "யாருக்காவது காய்ச்சல், சளி, இருமல் இருக்கா? வாசனை தெரியுதா?" தினமும் அதே கேள்வி, அதே வாசல்கள்.

ஹவுசிங் போர்டில் மூணாம் மாடி வீடு. அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மார்ச் 24 சாயங்காலம் கீழே நிறுத்திய வண்டி, தார்ப்பாய் போர்த்தியபடி அப்படியே நின்றது. ஒருநாள் நான் கேள்வியை முடிப்பதற்குள் நோட்டைப் பிடுங்கிப் படிக்கட்டில் எறிந்தார். "எழுது, நல்லா எழுது! எழுதிட்டுப் போய் என் வீட்டுக்கும் தகரம் அடிங்க!" எதிர் பிளாக்கில் தொற்று வந்த ஒரு வீட்டுக்கு, யாரும் வெளியே வராதபடி தகரம் அடித்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. வியாதியைவிட அந்தத் தகரத்துக்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள்.

எனக்கு அவர் எறிந்ததைவிட, உள்ளே நின்ற பெண் குழந்தைதான் மனதில் நின்றது. ஆறு வயது இருக்கும். அவர் கத்த ஆரம்பித்த பிறகு அது காதைப் பொத்தவில்லை. நான் கதவைத் தட்டியதுமே பொத்திக்கொண்டது.

மறுநாள் நோட்டை எடுக்காமல், "சாப்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பைனான்ஸ்காரன் காலைலருந்து போன் பண்றாம்மா" என்றார். அந்த வாரத்திலேயே அவர் மனைவியைத் தண்ணீர் லாரி அருகில் பார்த்தேன். "நல்ல மனுஷன்தாங்க்கா. இந்த மூணு மாசமாத்தான் கை நீளுது" என்று குடத்தைப் பார்த்தபடியே சொன்னாள். கபசுரக் குடிநீர் பொட்டலத்தின் மேல் 181 என்று பெண்கள் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன். "எப்படிக்கா பேசுறது? இருக்குறது ஒரே போன். அது அவர் கையில. அவரும் வீட்டை விட்டு நகர்றதில்லை" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது. அதற்காக அவள் அடி வாங்கியதை நான் சின்னதாக்க மாட்டேன். வேலை முடிந்து போகும் வரை, அந்த வீட்டு வாசலில் மட்டும் ரெண்டு நிமிஷம் கூடுதலாக நின்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

---

ஒரு மகன், திருச்சி மாவட்டம்

டாஸ்மாக் மூடினப்போ நானும் அம்மாவும் சந்தோஷப்பட்டோம். அப்பா தினமும் குடிக்கிறவர். மூணாவது நாள் டீ டம்ளரைப் பிடிக்க முடியலை, கை அப்படி நடுங்குச்சு. ராத்திரி சுவத்துல எறும்பு ஊருதுன்னு துண்டால அடிச்சுக்கிட்டே இருந்தார். அங்கே ஒரு எறும்பும் இல்லை. தடுக்கப் போன அம்மாவை யாரோ திருடின்னு நெனச்சுத் தள்ளிவிட்டார். அம்மா நெத்தியில நிலைப்படி இடிச்சு ரத்தம்.

விடியக்காலை பைக்ல நடுவுல உக்கார வச்சு ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். வழியில ரெண்டு இடத்துல போலீஸ் நிறுத்துச்சு. டாக்டர் சொன்னார்: "இது திமிர் இல்லை தம்பி. தினம் குடிக்கிற உடம்பு, திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் பண்ணும். வலிப்புகூட வரும், உயிருக்கே ஆபத்து." ஊசி போட்டு, வைட்டமின் ஏத்தி, அஞ்சு நாள் வச்சிருந்தாங்க.

2020 ஏப்ரல்ல புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்துல ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்துல கலந்து குடிச்ச மூணு பேர் செத்தாங்க. கடையை மூடினவங்க, குடிநோயாளிக்கு மருந்து எங்கே கிடைக்கும்னு தெருத்தெருவா மைக்ல சொல்லியிருக்கணும். எனக்கு அந்த ஆதங்கம் இன்னும் போகலை. மே 16 கடை திறந்ததும் அப்பா போனார். அம்மா ஒரு வார்த்தை சொல்லலை.

---

செவிலியர்

2021 மே, ரெண்டாவது அலை. ஆக்சிஜன் படுக்கைக்காக வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்ற நாட்கள். ஒரு பையன் என் கவச உடையைக் கழுத்தோடு பிடித்து உலுக்கினான். "எங்கப்பாவை உள்ள எடு!" படுக்கை இல்லை. இருந்தால் கொடுக்க மாட்டேனா?

முதல் அலையிலேயே அடி பழகிவிட்டது எங்களுக்கு. 2020 ஏப்ரல் 19 ராத்திரி சென்னையில் கொரோனாவால் இறந்த டாக்டரை அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லால் அடித்தார்கள் என்று கேட்டு வார்டிலேயே அழுதோம். மூணே நாளில், மருத்துவப் பணியாளர்களைத் தாக்கிப் பலத்த காயப்படுத்தினால் 7 வருஷம் வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. தேவையான சட்டம்தான். ஆனாலும் நான் அந்தப் பையன்மேல் புகார் கொடுக்கவில்லை. மறுநாள் மதியம் அவன் அப்பாவின் பொருட்களை வாங்க வந்தான். ஒரு பிளாஸ்டிக் கவரில் மூக்குக்கண்ணாடியும் பல் செட்டும். நான் நீட்டினேன், அவன் வாங்கிக்கொண்டான். ரெண்டு பேரும் கவரைத்தான் பார்த்தோம்.

---

ஒரு அம்மா, கோவை

எல்லாரும் அடுத்தவங்க கோபத்தை எழுதியிருக்கீங்க. நான் என் கோபத்தை எழுதறேனுங்க.

ஆன்லைன் கிளாஸ், ஒரே போன், வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம், மாமியாருக்குச் சர்க்கரை. பையனுக்கு அப்ப 8 வயசு. மியூட் போடாம விளையாடிட்டான்னு டீச்சர் சொன்னதுக்கு அடிச்சேன். அடுத்த நாள் எழுத்து கோணலா இருக்குன்னு. அப்புறம் காரணமே தேவைப்படலை. அடிச்சுட்டு பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

முதல் வருஷத்துலயே உலகம் முழுக்க மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடுச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்னதைப் படிச்சப்பதான், எனக்கு நடந்ததுக்கு ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்சுது. மனநல டாக்டர்கிட்ட போனேன், மாத்திரை சாப்பிட்டேன், இப்ப நல்லா இருக்கேன். பையன்கிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். "பரவால்லம்மா"ன்னான்.

இப்ப அவனுக்கு 13. தலை சீவ நான் கையைத் தூக்கினா, இன்னும் ஒரு நொடி கண்ணை மூடிக்கிறான்.